மூன்றாம் வகுப்பும் ஒரு டேப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 25 குழந்தைகள். அரசு கொடுத்த டேப் (டேப்லெட்) ஒன்று, சுவரில் ஸ்மார்ட் டிவி ஒன்று. பாதி நாள் நெட் கிடைக்காது. பாடத்தில் தொழில்நுட்பத்தை எப்படிச் சேர்ப்பேன் என்று இந்த ஆண்டு இலக்குகளை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். வாரம் மூன்று வீடியோ காட்டுவேன், க்யூஆர் கோடு பயன்படுத்துவேன், பிபிடி தயாரிப்பேன் என்று ஒன்பது வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் உயிரே இல்லை. எங்கே தவறு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்பது வரியிலும் எழுவாய் நீங்கள்தான். காட்டுவேன், பயன்படுத்துவேன், தயாரிப்பேன். குழந்தை எங்குமே வரவில்லை. ஒவ்வொரு வரியையும் ‘குழந்தை’ என்று தொடங்கித் திருப்பி எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் தானாக உதிர்ந்துவிடும். பாடநூலே மூன்று பருவமாக வருகிறது. பருவத்துக்கு ஓர் இலக்கு போதும்.

முதல் பருவத்துக்கு: ‘குழந்தை தன் வாசிப்பைத் தானே கேட்டு, ஒரு பிழையையாவது தானே கண்டுபிடிக்கும்.’ கரும்பலகையால் செய்ய முடியாத வேலை இது. டேப்பில் இருக்கும் ரெக்கார்டரே போதும், நெட் வேண்டாம். ஏறக்குறைய 50 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை எடுங்கள். பாடநூலில் இருந்து வேண்டாம். பல குழந்தைகளுக்கு அது மனப்பாடம், கண் எழுத்தில் இல்லாமலே வாய் ஓடும். நாளுக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நிமிடம். ஐந்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். ஒரு நிமிடப் பதிவு சுமார் 1 எம்பி. ஆண்டில் நான்கு முறை எடுத்தாலும் 100 எம்பிதான். கோப்புக்குத் தேதியும் வரிசை எண்ணும் மட்டும் பெயராக இருக்கட்டும்.

கெடுவது சின்ன விஷயங்களில்தான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மைக்கில் காற்றுதான் பதியும். டேப் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, திரை கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து இருக்க வேண்டும். ஓடும் நொடிகளைப் பார்த்தால் குழந்தை சொல்லை விழுங்கிக்கொண்டு ஓடும். கேட்பது இயர்போனில், தனியாக. வகுப்பு முன் போட்டு யாராவது ஒரு முறை சிரித்துவிட்டால், ‘அரும்பு’ என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை அடுத்த முறை முணுமுணுக்கத்தான் செய்யும். அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். ‘மழை’யை ‘மலை’ என்று சொன்னதைக் குழந்தையே கேட்டு நிமிர்ந்து பார்க்கும் வரை நீங்கள் திருத்தாதீர்கள்.

இரண்டாம் பருவத்துக்குத் தமிழ்99 விசைப்பலகை. தமிழக அரசு 1999இல் ஏற்ற அமைப்பு. செல்லினம் செயலியில் இருக்கிறது. கணினி அறிமுகத்துக்காக இதைச் சொல்லவில்லை, எழுத்துக்கூட்டலுக்காகச் சொல்கிறேன். நோட்டில் ‘கொ’ எழுதும் குழந்தை முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால் போடுகிறது. காலை மறந்தால் ‘கெ’ ஆகிவிடுகிறது. இந்த வகுப்பில் அன்றாடம் பார்க்கும் பிழை. தமிழ்99இல் க, அடுத்து ஒ. காதில் விழும் வரிசையும் விரலின் வரிசையும் ஒன்றே. இருவர் இருவராக, ஒருவர் சொல்ல மற்றவர் தட்டட்டும். ஐந்து நிமிடம், உடனே அதே சொற்கள் நோட்டிலும். சொல் பரிந்துரையை முன்பே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதிச் சொல்லை டேப்பே எழுதிவிடும். இன்னொன்று: அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும், புள்ளி தானாக விழும். ‘இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது?’ என்று கேட்காமல் விடாதீர்கள்.

மூன்றாம் பருவத்தில் இரவு ஊறவைத்த பச்சைப்பயறு, பக்கத்தில் நிற்க வைத்த அளவுகோல், பத்து நாள் பத்துப் படம். டேப் நிற்கும் இடத்தை மேசையில் சாக்பீஸால் குறித்துவிட்டால் கோணம் மாறாது. உயரத்தைக் குழந்தைகளே படித்துக் கட்டம் போட்ட தாளில் குறிப்பார்கள்.

டிவியை விட்டுவிடச் சொல்லவில்லை. பாடநூல் க்யூஆர் கோட்டில் வரும் வீடியோவை முந்தைய நாளே டிக்‌ஷா செயலியில் இறக்கிவையுங்கள், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை: ‘மரம்’ என்ற சொல்லைத் திரையில் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் குழந்தை உட்காரும் அதே தரையில் உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் முதலில் மறைவது புள்ளி. ‘மரம்’ உங்களுக்கே ‘மரம’ என்று தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது எதிர் ஜன்னலை மூடுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் எழுத்தைப் பெரிதாக்கியும் பயனில்லை.

தலைமையாசிரியரிடம் மூன்று வரி மட்டும் கொடுங்கள். குழந்தைகளின் குரல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போக வேண்டாம். பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில், அவரவர் பிள்ளையின் ஜூன் பதிவையும் செப்டம்பர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.