காப்பீடு இருந்தும் ஏன் குரல்?

கேள்வி: அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கு மெடிக்கெய்ட், சிப் என்று அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறதே, குழந்தை மருத்துவர்கள் இன்னும் எதற்குக் குரல் கொடுக்கிறார்கள்?

பதில்: 1997-ல் வந்த சிப் (மெடிக்கெய்ட் வரம்பைவிடச் சற்று அதிக வருமானமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கானது), மெடிக்கெய்ட் போல நிரந்தரம் அல்ல, நாடாளுமன்றம் அவ்வப்போது நிதியை நீட்டிக்க வேண்டும். 2017 செப்டம்பர் 30-ல் கெடு முடிந்து, 2018 ஜனவரி வரை இழுபறி. குழந்தைகள் விஷயத்தில் இந்த அலட்சியம் அநியாயம்தான்.

பெரிய தலைவலி, தகுதி இன்னும் உண்டா என்று ஆண்டுதோறும் பார்க்கும் புதுப்பித்தல். வருமானம் மாறாவிட்டாலும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய முகவரிக்குப் போனாலே பெயர் அடிபடும். இன்சுலின் வாங்கப்போய் மருந்துக்கடையில்தான் அது தெரியவரும். சேர்ந்த குழந்தையை 12 மாதம் நீக்கக்கூடாது என்ற விதி 2024 ஜனவரியில்தான் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. மெடிக்கெய்ட் பெறும் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரை காப்பீடு தானாகவே உண்டு. பலர் புதுப்பிக்காமல் கோட்டைவிடுவது அதற்குப் பிறகு. நீக்கிய 90 நாளுக்குள் புதுப்பித்தல் படிவத்தைக் கொடுத்துவிட்டால் புது விண்ணப்பம் தேவையில்லை.