மத்தியில் வலுவான அரசு: அம்பேத்கர் சொன்னதும் சொல்லாமல் விடப்படுவதும்

கேள்வி: மாநில சுயாட்சி பேசுகிறவர்கள் மேடைக்கு மேடை அம்பேத்கர் படத்தை வைக்கிறார்கள். ஆனால் மத்தியில் வலுவான அரசு வேண்டும் என்று கேட்டவரே அவர்தானே? மாநில ஆட்சிகளைக் கலைக்கும் 356-வது பிரிவும் அவர் கொண்டுவந்ததுதானே?
– வாசகர் ஒருவர், தென்காசி

பதில்: ஆமாம், கேட்டார். 1946 டிசம்பர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருந்ததைவிட வலுவான மத்திய அரசையே தான் விரும்புவதாகச் சொன்னார். இதை மறைப்பவர்கள் அவருக்கு மரியாதை செய்யவில்லை. ஆனால் எதற்காகக் கேட்டார் என்பதை விட்டுவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால், அதுவும் அவரைத் திரிப்பதுதான்.

17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. சரி, மீறுகிறவனுக்குத் தண்டனை? அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் மட்டுமே இயற்றலாம், மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றக்கூடாது என்கிறது 35-வது பிரிவு. ஒரு மாநிலத்தில் கடுமையான தண்டனை, பக்கத்து மாநிலத்தில் பெயருக்கு ஓர் அபராதம் என்று ஆகிவிடக் கூடாது அல்லவா? உள்ளூர்ப் பெரும்பான்மையின் கையில் அதிகாரம் போனால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு என்ன நேரும் என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் அவர். கிராமம் என்பது குறுகிய புத்தியின், அறியாமையின் இருப்பிடம் என்று 1948 நவம்பர் 4 அன்று சபையிலேயே சொன்னார். பலரும் முகம் சுளித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. அவர் மத்திய அரசுக்குப் பலம் கேட்டது இந்த மனிதனைக் காப்பாற்றத்தான். மாநிலங்களை டெல்லியின் கிளை அலுவலகங்களாக ஆக்குவதற்காக அல்ல.

மாநிலங்களை நகராட்சிகள் ஆக்கிவிட்டீர்களே என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. அவருடைய பதில் 1949 நவம்பர் 25 உரையில் இருக்கிறது. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது அரசியல் சட்டம், மத்திய அரசு இயற்றும் சட்டம் அல்ல. இந்த விஷயத்தில் இரண்டும் சமம் என்றார். மாநிலங்களை மீறும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அது நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்.

இப்போது 356-க்கு வருவோம். 1949 ஆகஸ்டில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, இது ஒருபோதும் பயன்படாமல் செத்த எழுத்தாகவே கிடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். முதலில் தவறிய மாநிலத்துக்கு எச்சரிக்கை. அது பலிக்காவிட்டால் தேர்தல் வைத்து மக்களையே முடிவெடுக்க விடவேண்டும். இரண்டும் தோற்றால்தான் இந்தப் பிரிவு. இதுதான் அவர் எதிர்பார்த்த வரிசை.

நடந்தது என்ன? 1976 ஜனவரி 31 அன்று இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் 1977 ஜூனில்தான் வந்தது. 1991 ஜனவரியில் மறுபடியும் தி.மு.க. ஆட்சி. அதைக் கலைக்கச் சொல்லி அறிக்கை தர ஆளுநர் பர்னாலா மறுத்தார். அறிக்கை இல்லாமலே ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்கு இடம் கொடுத்தது, ஆளுநர் அறிக்கை அல்லது வேறு வகையில் கிடைக்கும் தகவல் என்ற வாசகம். அந்த வாசகத்துக்காகச் சபையில் வாதாடியவரும் அம்பேத்கர்தான்.

இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. எச்சரிக்கை, தேர்தல் என்று சபையில் சொன்னவர் அவற்றைப் பிரிவுக்குள் எழுதவில்லை. அதிகாரத்தில் உட்காருகிறவர் நிதானமாக இருப்பார் என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டார். அரசியல் சட்ட ஒழுக்கம் தானாக வருவதில்லை, வளர்க்கப்பட வேண்டியது என்று 1948-லேயே சொன்ன மனிதர் இப்படி விட்டது பெரிய குறைதான். பெரும்பான்மை யாருக்கு என்பதைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்று கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்ல 1994 வரை ஆனது. அதற்குள் எத்தனையோ ஆட்சிகள் போய்விட்டன.

அப்புறம், அவர் 1949-லேயே நின்றுவிடவும் இல்லை. 1955-ல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய சிறு நூலில், வடக்கின் எண்ணிக்கை பலம் தெற்கை அமுக்கிவிடும் என்ற அச்சத்தை வெளிப்படையாகவே எழுதினார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இரண்டிரண்டாகவும் பிரிக்கச் சொன்னார். ஐதராபாத்தை இரண்டாவது தலைநகரம் ஆக்கலாம் என்றார். பீகாரும் மத்தியப் பிரதேசமும் 2000-ல் பிரிந்தன. உத்தரப் பிரதேசத்திலிருந்து உத்தராகண்ட் மட்டும் போனது. மக்களவையின் 543 இடங்களில் 80 இன்றும் அந்த ஒரு மாநிலத்துக்குத்தான். மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் திருத்திப் பங்கிடும் தொகுதி மறுவரையறை என்றதும் தென் மாநிலங்கள் இன்று எழுப்பும் கவலைக்கு அவர் அப்போதே ஒரு தீர்வு எழுதிக் கொடுத்தார். டெல்லி அதை எடுத்துக்கொள்ளவில்லை.