சைலன்சர் துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் முடிந்தாலே சைலன்சர் கடிதங்கள் குவியும். இந்த முறையும் அப்படித்தான்.

கே: கார் பயங்கரமாகச் சத்தம் போடுகிறது. சைலன்சர் மாற்ற எவ்வளவு ஆகும்? (திருச்சி)

ப: எந்தக் கார்? எந்த வருஷம்? சத்தம் என்ஜின் பக்கமா, பின் பக்கமா? டாக்டருக்கு "உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்" என்று கார்டு போடுவீர்களா? முழு விவரத்தோடு எழுதுங்கள்.

கே: 2004 மாருதி 800. இரண்டு வருஷம் முன்பு மாற்றிய பின் சைலன்சர் அடியில் அரித்து ஓட்டையாகிவிட்டது. உப்புக் காற்றுதான் காரணமா? வண்டி பள்ளிக்கூடம், மார்க்கெட் தவிர எங்கேயும் போவதில்லை. (தூத்துக்குடி)

ப: உப்புக் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பதில் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் பின் டப்பா சரியாகச் சூடேறாது. ஆவி அங்கேயே தண்ணீராகி, புகையில் உள்ள அமிலத்தோடு கலந்து தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே துரு தெரிகிற நாளில் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். வாரம் ஒரு நாள் திருச்செந்தூர் ரோட்டில் அரை மணி நேரம் விரட்டுங்கள். டப்பா அடியில் சின்னத் துளை இருந்தால் அது தண்ணீர் வடியக் கம்பெனியே விட்டது. எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கே: ஓட்டைக்கு ஒட்டு வெல்டிங் வைத்தால் தாங்குமா? (கடலூர்)

ப: ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டிங் பிடிக்காது, பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும். தகடு கெட்டியாக இருந்தால் வைக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். எத்தனை முறை எழுதினாலும் ஈ.சி.எம். (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) போன பிறகுதான் கடிதம் வருகிறது.

கே: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சைலன்சர் என்று கூடுதல் காசு வாங்கினார்கள். காந்தம் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (ஈரோடு)

ப: காந்தத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். சைலன்சருக்கு அதிகம் போடும் 409 ரக எஸ்.எஸ்.ஸில் காந்தம் ஒட்டும், மேலே லேசாகப் பழுப்பும் ஏறும். ஒட்டாதது 304. பில்லில் எந்த ரகம் என்று எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: 2006 ஆல்டோ. பிக்கப் இல்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா) அடைத்துவிட்டது, அதை எடுத்துவிட்டு நேர் பைப் வைத்தால் மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். பழையதை அவருக்கே கொடுத்துவிட்டால் கூலிகூட வேண்டாமாம். செய்யலாமா? (கோவை)

ப: கூலி வேண்டாம் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னால் உடனே உஷாராக வேண்டாமா? அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. கிராம் கணக்குதான், ஆனால் பழைய கன்வெர்ட்டரை வாங்கவென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். உங்கள் பொருளைக் கொடுத்துவிட்டு, இலவசமாக வேலை நடந்தது என்று அவருக்கே நன்றியும் சொல்லிவிட்டு வருவீர்கள்.

இந்த டப்பா சும்மா வந்ததல்ல. 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, அதற்காகவே ஈயமில்லாத பெட்ரோலையும் கொண்டுவந்தார்கள். ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் செத்துவிடும். 2000-இல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோலையே நிறுத்தினார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்ததை அரை மணி நேரத்தில் கட்டிங் வீலால் அறுத்து எறிகிறார்கள்!

உங்கள் வண்டி ஐட்லிங்கில் (நின்றபடி என்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் நியாயமாக அந்த அளவுக்குள் வருவது கஷ்டம். மாசுக் கட்டுப்பாட்டு விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ரூ.10,000 வரை போகும். மைலேஜ் கூடும் என்பது கதை. நன்றாக இருக்கிற கன்வெர்ட்டரை எடுத்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கூடாது.

உண்மையிலேயே அடைத்திருந்தால், ஏன் அடைத்தது என்று அவர் பார்த்தாரா? பிளக் சரியாக அடிக்காமல் எரியாத பெட்ரோல் உள்ளே போனால் கன்வெர்ட்டர் கொதித்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அடுக்கு உருகி அடைக்கும். என்ஜின் ஆயில் எரிந்தாலும் கெடும். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் போகும். முதலில் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஓ2 (ஆக்சிஜன்) சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி பேக் பிரஷர் (புகை வெளியேற வழியில்லாமல் திரும்பத் தள்ளும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். கேஜ் இல்லை என்றால் வேறு பட்டறைக்குப் போங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள், விலையை நீங்களே பேசுங்கள்.

கே: மேனிஃபோல்டு (என்ஜினில் புகைக் குழாய் தொடங்கும் பாகம்) நட்டு அசைய மறுக்கிறது. ஸ்பேனரில் பைப் சொருகி நெம்பலாமா? (காரைக்குடி)

ப: ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்து என்ஜின் ஹெட்டில் மாட்டிக்கொள்ள ஆசையா? முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். காலையில் ஒரு இழை இறுக்கி, பிறகு கழற்றுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் டார்ச்சில் சூடாக்க வேண்டும். அது பட்டறை வேலை. கேஸ்கெட், ஹேங்கர் ரப்பர் இரண்டும் புதுசாகவே போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

கே: ஏ.சி. போட்டால் உள்ளே புகை வாடை, தலைவலி. அடுத்த மாதம் சபரிமலை போய் வந்து பார்த்துக்கொள்ளலாமா? (மதுரை)

ப: கூடாது. இன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். உங்களுக்கு அடிக்கிற வாடை புகையின் மற்ற சரக்கு. ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. முன் பைப் ஜாயின்ட், தரைத் தகட்டில் ஓட்டை, டிக்கி ரப்பர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நன்றாக இருந்தாலும் என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்காதீர்கள். இதையும் வருஷா வருஷம் எழுதுகிறேன்.

கே: காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது. (சேலம்)

ப: சொட்டட்டும். தூத்துக்குடி வாசகருக்கான பதிலைப் படியுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டை (அந்தத் தண்ணீர் என்ஜினுக்குள் கசியாமல் தடுக்கும் தகடு) பாருங்கள்.

கே: புது சைலன்சர் போட்ட அன்றே அடியிலிருந்து புகை, கருகல் வாடை. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வேலூர்)

ப: மேலே பூசிய ஆயிலும் பெயின்ட்டும் எரிகிறது. நெடுஞ்சாலையில் ஒருமுறை ஓட்டினால் அடங்கும். மறுநாளும் வாடை வந்தால் ஜாயின்டில் கசிவு இருக்கும், போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள்.