லோக்கல்ஹோஸ்ட் யார் வீடு? சோதனை சர்வர் பற்றிய கேள்வி பதில்

வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கத் தொடங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. சொந்தக் கம்ப்யூட்டரில் சர்வர் ஓட்டிச் சோதிப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்தாலே பிரவுசரில் திறக்கிறதே, பிறகு எதற்கு சர்வர்? (கல்லூரி இரண்டாம் ஆண்டு)

பதில்: வெறும் எச்டிஎம்எல், கொஞ்சம் சிஎஸ்எஸ் என்றால் தேவையே இல்லை. ஆனால் பிஎச்பி ஃபைலை அப்படித் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய புரோகிராம் கோடு அப்படியே தெரியும், இல்லாவிட்டால் டவுன்லோட் ஆகும். பிஎச்பியைப் படித்து இயக்கத் தெரிந்தது சர்வர் பக்கம்தான், பிரவுசருக்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டிலும் மாட்யூலாகப் பிரித்து எழுதினால், டிஸ்க்கிலிருந்து நேரே திறந்த பக்கத்தில் குரோம் அதைத் தடுத்துவிடும். சாய்கோட்டில் தொடங்கும் படப் பாதைகளும் உங்கள் ஃபோல்டருக்குப் போகாமல் டிரைவின் தலைக்கே போய்த் தேடும்.

சர்வர் என்றதும் ஏசி அறையில் விளக்கு மினுக்கும் அலமாரி நினைவுக்கு வருகிறதோ என்னவோ. சர்வர் என்பது ஒரு புரோகிராம், அவ்வளவுதான். ஒரு போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் எண் போட்ட ஒரு வாசலில், காது வைத்து உட்கார்ந்திருக்கும். யாராவது கேட்டால் ஃபைலை எடுத்துக் கொடுக்கும். உலகின் முதல் வெப் சர்வரே 1990இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. யாரும் தெரியாமல் ஆஃப் செய்துவிடக் கூடாதே என்று, இது சர்வர், அணைக்காதீர்கள் என எழுதி அதன் மேல் ஒட்டி வைத்திருந்தார்கள்.

கேள்வி: எக்ஸாம்ப், டாக்கர் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை இன்ஸ்டால் செய்வது?

பதில்: என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் என்றால் எதையும் புதிதாக இறக்க வேண்டாம். பைதான் 3 இருந்தால் அதனுடனேயே எச்டிடிபி சர்வர் மாட்யூல் வருகிறது. உங்கள் ஃபோல்டருக்குள் டெர்மினலைத் திறந்து, மைனஸ் எம் போட்டு அதை அழைத்து, பின்னால் 8000 என்று போர்ட் கொடுங்கள். முடிந்தது.

பிஎச்பி படிக்கிறவர்களுக்கும் குறுக்குவழி உண்டு. 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து பிஎச்பிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. பெரிய எஸ் போட்டு, முகவரியும் போர்ட்டும் கொடுத்தால் ஓடும். ஆனால் இயல்பாக அது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். உங்கள் பக்கமே அதே சர்வரிலுள்ள இன்னொரு பக்கத்தைக் கூப்பிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு தொங்கிவிடும். இது தெரியாமல் கோடில் பிழை தேடியவர்கள் பலர்.

வேர்ட்பிரஸ், கல்லூரி புராஜெக்ட், டேட்டாபேஸ் எல்லாம் வேண்டும் என்றால் எக்ஸாம்ப். 2002இலிருந்து இருக்கிறது. அப்பாச்சி என்ற வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும். கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015 முதல் உள்ளே இருப்பது அதிலிருந்து பிரிந்த மரியாடிபி. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள், எழுதும் உரிமைக்கு மல்லுக்கட்ட வேண்டிவரும். சி டிரைவில் நேராகப் போட்டு, உங்கள் புராஜெக்ட்டை எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் வையுங்கள்.

டாக்கர் என்பது ஒவ்வொரு புரோகிராமையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் வைத்து ஓட்டும் கருவி. நல்லது. ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம்.

கேள்வி: அப்பாச்சி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பச்சை வந்து உடனே போய்விடுகிறது. மூன்று முறை அன்இன்ஸ்டால் செய்து போட்டுவிட்டேன்.

பதில்: முப்பது முறை போட்டாலும் அதேதான், தம்பி. அந்த போர்ட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெப் சர்வரின் வழக்கமான இருக்கை 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443. ஒரே இருக்கையில் இரண்டு பேர் உட்கார முடியாது.

யார் என்று கண்டுபிடிப்பது எளிது. எக்ஸாம்ப் பேனலிலேயே நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்துங்கள். 80க்கு நேராக ஒரு புரோகிராமின் பெயரும் எண்ணும் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் அந்த எண்ணைத் தேடி ஆளைப் பிடிக்கலாம். எண் 4, பெயர் சிஸ்டம் என்று வந்தால் பயந்து எதையும் கொல்லாதீர்கள். அது விண்டோஸே. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்பதை நிறுத்தினால் இடம் காலியாகும்.

நிறுத்த மனமில்லையா, நீங்களே நகர்ந்துகொள்ளுங்கள். அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் லிசன் 80 என்ற வரியை 8080 ஆக்கி, சேமித்து, திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு முகவரியில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும் பெயர்) பின்னால் முக்காற்புள்ளி வைத்து 8080 என்று அடிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "இன்னும் வரவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் பாதிப்பேர்.

மேக்கில், பைதானில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃபிளாஸ்க்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். ஃபிளாஸ்க்கின் வழக்கமான போர்ட் 5000. மேக்கின் மாண்டரே பதிப்பிலிருந்து, மற்ற ஆப்பிள் கருவிகளின் திரையை வாங்கிக் காட்டும் ஏர்ப்ளே ரிசீவர் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

கேள்வி: என் புராஜெக்ட்டின் லோக்கல்ஹோஸ்ட் லிங்க்கை நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். திறக்கவில்லை என்கிறான். எனக்கு நன்றாகத் திறக்கிறது.

பதில்: சிரிக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அனுப்பியவள்தான்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது "எங்க வீடு" என்பது போன்ற சொல். நீங்கள் சொன்னால் உங்கள் வீடு, நண்பன் சொன்னால் அவன் வீடு. அவன் பிரவுசர் அவனுடைய போனிலேயே சர்வரைத் தேடியது, அங்கே யாரும் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரி 127.0.0.1. 127இல் தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளையும் இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே அனுப்பும் எதுவும் மெஷினை விட்டு வெளியே போகாது. இன்று வந்த கேள்விகளில் மூன்று இதே குழப்பம்தான், கீழே பாருங்கள்.

ஒரே வைஃபையில் இருக்கும் போனில் திறக்க வேண்டுமானால், கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் அடித்து லேப்டாப்பின் முகவரியைப் பாருங்கள். வீட்டில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். போனில் அதை அடியுங்கள். வரவில்லையென்றால் விண்டோஸ் ஃபயர்வாலில் அப்பாச்சிக்கு அனுமதி கொடுங்கள். பிஎச்பியின் குட்டி சர்வராக இருந்தால், லோக்கல்ஹோஸ்ட் என்று சொல்லி ஓட்டும்போது அந்த லேப்டாப்புக்குள்ளிருந்தே கேட்பவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். 0.0.0.0 என்று கொடுத்தால் எல்லாப் பக்கமும் கேட்கும்.

ஹாஸ்டல், கல்லூரி வைஃபையில் இத்தனையும் செய்து வராமல் போகலாம். ஒரு கருவி இன்னொன்றோடு பேசக் கூடாது என்று அங்கே பூட்டியிருப்பார்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். ஊர்விட்டு ஊர் காட்ட வேண்டும் என்றால் உங்கள் சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடும் என்கிராக் போன்ற டனல் உண்டு. ஆனால் எக்ஸாம்பின் டேட்டாபேஸில் ரூட் கணக்குக்கு பாஸ்வேர்டு கிடையாது. கதவைத் திறக்கும் முன் அதைப் போடுங்கள்.

கேள்வி: கேமரா வைத்து க்யூஆர் ஸ்கேன் செய்யும் பக்கம் எழுதினேன். லேப்டாப்பில் ஓடுகிறது, போனில் கேமரா திறக்கவே இல்லை.

பதில்: கேமரா, மைக், இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தின் பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்) இவற்றையெல்லாம் பிரவுசர் பாதுகாப்பான இணைப்பில்தான் கொடுக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் சலுகை: எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டாலும் நம்பும், சொந்த வீடாயிற்றே. போனில் 192.168 என்று அடிக்கும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. உங்கள் கோடில் தவறு இல்லை.

ஆண்ட்ராய்டு என்றால் யூஎஸ்பி கேபிளில் இணைத்து, லேப்டாப் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போடுங்கள். போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தாலே லேப்டாப் சர்வர் வரும், சலுகையும் கிடைக்கும். எனக்குப் பிடித்த வழி இது. அடிக்கடி தேவை என்றால் எம்கேசெர்ட் என்ற கருவியால் சொந்தச் சான்றிதழ் செய்துகொள்ளலாம்.

கேள்வி: டாக்கரில் பிஎச்பிக்கு ஒரு கன்டெய்னர், மைஎஸ்கியூஎல்லுக்கு ஒரு கன்டெய்னர். டேட்டாபேஸ் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் இணைய மறுக்கிறது.

பதில்: மறுபடியும் "எங்க வீடு". கன்டெய்னர் ஒவ்வொன்றும் தனி வீடு. பிஎச்பி கன்டெய்னர் லோக்கல்ஹோஸ்ட் என்றால் தனக்குள்ளேயே தேடும். கன்டெய்னர்களைப் பட்டியலிடும் காம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதையே ஹோஸ்ட்டாகக் கொடுங்கள். போர்ட் 3306ஆகவே இருக்கட்டும். வெளியே 3307 என்று மாற்றியிருந்தாலும் அது உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்ப்பதற்கு மட்டும்.

கேள்வி: அக்கா, ஃபார்மில் தமிழில் பெயர் அடித்தால் டேட்டாபேஸில் ????? என்று விழுகிறது.

பதில்: முதலில் எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். கேள்விக்குறியாகவே இருந்தால் அந்த எழுத்துகள் போனது போனதுதான், சேமித்ததே கேள்விக்குறிதான். கொம்பும் வாலும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், பைட்டுகள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாக இருக்கும், தவறாகப் படிக்கிறோம் என்று அர்த்தம், மீட்கலாம்.

காரணம், எங்கோ ஓரிடத்தில் லத்தீன்1 என்ற பழைய எழுத்துத் தொகுதி ஒட்டிக்கொண்டிருப்பது. டேட்டாபேஸ், டேபிள், டேபிளின் நெடுவரிசை, இணைப்பு என நான்கையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். பலர் முதல் மூன்றை மாற்றிவிட்டு இணைப்பை மறந்துவிடுவார்கள். டேட்டாபேஸை மாற்றினாலும் பழைய டேபிள்கள் தானாக மாறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எம்பி4 எதற்கு என்று கேட்பீர்கள். மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் காலங்காலமாக இருந்தது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் சரியாக 3 பைட், ஆகவே தமிழ் தப்பிக்கும். இமோஜிக்கு 4 பைட் வேண்டும். யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ இமோஜி போட்ட அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "தமிழ்" என்ற சொல்லுக்கு நமக்கு எழுத்து மூன்று. பிஎச்பியின் எஸ்டிஆர்லென் 15 என்கும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. எம்பி எஸ்டிஆர்லென் 5 என்கும். மகரத்தையும் இகரக் குறியையும், ழகரத்தையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். 3 என்று சொல்வது கிராஃபீம் எஸ்டிஆர்லென் மட்டும். அதற்கு இன்டில் எக்ஸ்டென்ஷன் வேண்டும், பிஎச்பியின் "இனி" என்ற கான்ஃபிக் ஃபைலில் அந்த வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "பெயர் 20 எழுத்துக்குள்" என்று விதி வைக்கும்போது எதை எண்ணுகிறோம் என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களை ஏழாம் எழுத்தில் வெட்டிவிடும் ஃபார்ம்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: சோதனைக்கு டெவ் என்று முடியும் முகவரி வைத்தேன். குரோம் எச்டிடிபிஎஸ்ஸுக்கே இழுத்துப்போகிறது.

பதில்: டெவ் கூகுளுக்குச் சொந்தமான உண்மையான டொமைன். 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல் அது எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும்தான் திறக்கும். டெஸ்ட் என்று முடியுங்கள், அது சோதனைக்கென்றே 1999இலிருந்து ஒதுக்கப்பட்டது. அந்த முகவரியை உங்கள் கம்ப்யூட்டருக்கே திருப்பிவிடும் ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்ற நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்.

கேள்வி: என் விண்டோஸில் எல்லாப் படமும் தெரிகிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் பாதிப் படங்கள் காணோம்.

பதில்: ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குங்கள்.

கேள்வி: அவசரம். நாளை வைவா. எக்ஸாம்பில் மைஎஸ்கியூஎல் "எதிர்பாராமல் நின்றது" என்று வருகிறது. ஐபிடேட்டா1 ஃபைலை அழிக்கச் சொல்லி ஒரு வீடியோவில் சொல்கிறார்கள்.

பதில்: அழிக்காதே. உன் டேபிள்களின் உயிர் அந்த ஃபைலோடு கட்டியிருக்கிறது. அழித்தால் மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட் ஆகும், டேபிள் பெயர்களும் தெரியும், திறந்தால் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லும். ஒரு பையன் இரவு பதினொரு மணிக்கு அப்படிச் செய்துவிட்டு எனக்குப் போன் செய்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதல் வேலை: மைஎஸ்கியூஎல்லுக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்குக் காப்பி எடு. அடுத்து பேனலில் லாக்ஸ் பட்டனை அழுத்தி எரர் லாக்கின் கடைசி வரிகளைப் படி. தனியாக இன்ஸ்டால் செய்த இன்னொரு மைஎஸ்கியூஎல் 3306இல் ஓடிக்கொண்டிருக்கிறதா பார்; அதுவென்றால் அந்த சர்வீஸை நிறுத்தினால் போதும். நான் பார்த்தவற்றில் மற்றபடி பெரும்பாலும் காரணம், ஸ்டாப் அழுத்தாமல் லேப்டாப்பை அப்படியே அணைத்தது, அல்லது கரண்ட் போனது. காப்பி கையில் இருந்தால் பொறுமையாகச் சரிசெய்யலாம். நாளைக்கு நேரமில்லை என்றால், கடைசியாக எடுத்த எஸ்கியூஎல் எக்ஸ்போர்ட்டை வேறு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போ. எக்ஸ்போர்ட் எடுத்திருக்கிறாய்தானே?

கேள்வி: லோக்கலில் மெயில் அனுப்பிச் சோதிப்பது எப்படி?

பதில்: அனுப்பாமலே சோதியுங்கள். மெயில்பிட் என்ற சின்ன புரோகிராம் 1025 போர்ட்டில் மெயிலைப் பிடித்துக்கொள்ளும், 8025இல் பிரவுசரில் காட்டும். ஒன்றும் வெளியே போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையான வாடிக்கையாளர் பட்டியலை லோக்கலில் ஏற்றி, "சோதனை சோதனை" என்று நானூறு பேருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். மேனேஜர் கத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கேள்வி: அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். உபுண்டுவில் அப்பாச்சி போட்டு வேர்ட்பிரஸ் ஓட்டுகிறேன். முகப்புப் பக்கம் வருகிறது, எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் 404, பக்கம் இல்லை என்கிறது. ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: ஐயா, 777ஐ முதலில் திரும்ப எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். 404க்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. ஃபோல்டர் 755, ஃபைல் 644 போதும். வேர்ட்பிரஸ் தானே அப்டேட் ஆக வேண்டுமானால் உரிமையாளரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக்குங்கள்.

அழகான முகவரிகளை வேர்ட்பிரஸ் எச்டிஅக்சஸ் ஃபைல் மூலம் அமைக்கிறது. உபுண்டுவின் அப்பாச்சி இயல்பாக அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. ரீரைட் மாட்யூலை ஏ2என்மாட் கட்டளையால் இயக்குங்கள். பிறகு அப்பாச்சி கான்ஃபிக் ஃபைலில் வார் டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டருக்கான பகுதியில் அலவ்ஓவர்ரைடு நன் என்று இருப்பதை ஆல் ஆக்குங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகு, வேர்ட்பிரஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் ஒன்றும் மாற்றாமல் ஒருமுறை சேமியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எரர் லாக்கின் கடைசிப் பத்து வரியை அனுப்புங்கள், பார்க்கிறேன்.