வாசகர் கேள்விகள்: ஆளை மாற்றினால் போதுமா?

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்): பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஷிப்மென்ட் எப்போதும் கடைசி நேரத்தில்தான் போகிறது. காரணம், செக்கிங்கில் பீஸ் தேங்கிவிடுகிறது. இரண்டு வருடத்தில் மூன்று சூப்பர்வைசரை மாற்றிவிட்டேன். நல்ல ஆள் கிடைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: மூன்று பேர் வந்து போன பிறகும் அதே மேஜையில் அதே குவியல் என்றால் நாலாவது ஆளைத் தேடி என்ன பயன்? உங்கள் டெய்லர்களுக்கு பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா என்று நீங்கள் எழுதவில்லை. பீஸ் ரேட் என்றால் அவர் எண்ணிக்கைக்காகத்தான் மிஷினை ஓட்டுவார், அதைத் தப்பு சொல்லவும் முடியாது, விட்டுப்போன தையலும் கோணல் மடிப்பும் மொத்தமாகப் போய் செக்கிங்கில் குவியும், திரும்பி வருவதைப் பிரித்துத் தைக்கக் காசு கிடையாது என்றால் அதைத் தொடவும் ஆள் இருக்காது. குவியல் கண்ணில் படுவது செக்கிங்கில். பிறக்கும் இடம் உங்கள் சம்பளக் கணக்கு நோட்டாக இருக்கலாம், போய்ப் பாருங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அங்கே ஆபரேஷன் அதிகம் நடப்பதற்கு டாக்டர்கள் பறந்து பறந்து வேலை செய்வது காரணம் இல்லை. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் கண்புரையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். டாக்டர்தான் செய்தாக வேண்டும் என்று இல்லாத வேலைகளை எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆபரேஷன் இலவசம் என்று முகாமில் சொல்லியும் பலர் வரவில்லை. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிக் கையைக் கழுவியிருக்கலாம் (நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்). ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பஸ் செலவு, சாப்பாடு, கூட வர ஆள் இல்லை, பயம். சரி என்று முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சோறு போட்டு, படுக்க இடமும் கொடுத்து, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவிட ஆரம்பித்தார்கள். அப்புறம், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் விலை அதிகம் என்று 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): தன்னலமில்லாத தலைமை என்பதெல்லாம் மேடைப் பேச்சு. கீழே உள்ளவன் தப்புக்கு மேலே உள்ளவன் பொறுப்பேற்றால் நாளைக்கு எவனுக்கும் பயம் இருக்காதே?

பதில்: 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் முயற்சி, திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கடைசி நிமிடங்களில் கணினி வேண்டாமென்று நிறுத்தியது, நிபுணர்கள் பரவாயில்லை என்றார்கள், ஏவச் சொன்னது நான்தான் என்று கலாமே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பலி கொடுக்க ஆள் தேடவே வேண்டாம், கையில் தயாராக இருந்தார். ஆனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். மறு வருடம் ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நின்றபோது, நீங்களே போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார்.

இதை நல்ல மனசு என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம், எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அந்தப் பதினோரு மாதத்தை யோசித்துப் பாருங்கள். தலை உருளும் என்று தெரிந்திருந்தால் எந்த வால்வு, எந்தச் சோதனை, யார் பரவாயில்லை என்றது என்பதை எத்தனை பேர் வாயைத் திறந்து சொல்லியிருப்பார்கள்? பயம் இருக்கும் இடத்தில் தப்பு குறையாது சார், தகவல்தான் குறையும்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகி): 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று எங்கள் எம்.டி. எல்லா மீட்டிங்கிலும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: அம்மா வீட்டில் நோட்டீஸ் பீரியட் கிடையாதே! மேலே சொன்ன மதுரை டாக்டர் வெங்கடசாமி தன் மருத்துவமனையில் சம்பளம் வாங்காமல் தன் ஓய்வூதியத்திலேயே வாழ்ந்தார், அவர் சொன்னால் நம்பலாம். உங்கள் எம்.டி. கஷ்ட காலத்தில் முதலில் யார் சம்பளத்தில் கை வைக்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறேன். பிரச்சினை இருந்தால் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் பல வருடங்கள் லைன் ஓரமாக ஒரு கயிறு தொங்கியது. கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். உடனே லீடர் ஓடி வருவார், அவர் வந்தும் கொஞ்ச நேரத்தில் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். கயிறு கட்டுவது சுலபம், யார் வேண்டுமானாலும் கட்டலாம். முதலில் இழுத்தவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் ஓர் அச்சகத்தில் பொறுப்பாளராக இருந்தபோது நடந்தது இது. காலண்டர் சீசன், ராத்திரி பகலாக வேலை. இரண்டாயிரம் காலண்டர் அடித்து முடித்த பிறகு பார்த்தால் ஒரு மாதத்துப் பௌர்ணமி ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கிறது. டைப் செய்த பெண்ணைக் கூப்பிட்டு, பிளேட் போடும் முன்பே இது உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். தெரியும் என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை?

"போன வாரம் ஒண்ணு சொன்னேனே சார், இந்த நேரத்துல வந்து சொல்றியான்னு எல்லார் முன்னாடியும் திட்டினீங்களே."