மக்காவில் ஒரு பகல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் மனைவியுடன் ஹாங்காங் சென்றிருந்தேன். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாளை, பக்கத்திலுள்ள சூதாட்ட நகரான மக்காவுக்கென்று (Macau) ஒதுக்கியிருந்தோம். காலையில் கடற்பாலப் பேருந்தில் போய் இறங்கியதும் விடுதிகளின் இலவசப் பேருந்துகள் வரிசையாக நிற்பதைக் கண்டோம். ஒரு மணி நேரம் கேசினோவைப் பார்த்துவிட்டுப் பழைய நகருக்குப் போகலாம் என்று அதில் ஒன்றில் ஏறினோம். கோத்தாய் பகுதியில் ஒரு பெரிய விடுதி. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் ‘பாங்கர்’, ‘பிளேயர்’ என்ற இரு பக்கங்களில் எது வெல்லும் என்பதே பந்தயம். ஆட்டத்துக்கு 300 ஹாங்காங் டாலர் வீதம் பெரும்பாலும் ‘பிளேயர்’ பக்கமே வைத்து ஆடினேன். நண்பகலில் 2,000 டாலர் லாபத்தில் இருந்தேன். பிறகு இறங்குமுகம். முடிவுகளைக் காட்டும் பலகையில் பாங்கரின் சிவப்பு வட்டம் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் அடுத்தது பிளேயரின் நீலம்தான் என்று கணக்குப் போட்டேன். இழந்ததை மீட்க, இரு பக்கமும் சமமாக முடியும் என்கிற ‘டை’ மீதும் வைத்துப் பார்த்தேன். எழுந்தபோது மாலை ஐந்து. லாபத்துடன் கைப்பணம் 3,600 டாலரும் போயிருந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாய். புனித பவுல் தேவாலயத்தின் இடிபாட்டை இருட்டுகிற நேரத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

நண்பகலில் எழுந்திருந்தால் ஜெயித்திருப்பேன் அல்லவா? நான் ஆடிய முறையில் பிழை எங்கே? “நீங்கள் மக்காவையே பார்க்கவில்லை” என்கிறாள் மனைவி. அது சரியா? அடுத்த மாதம் என் மைத்துனர் போகிறார், அவருக்கும் ஒரு நாள்தான். அவரை எப்படிப் போகச் சொல்வது? கடைசியாக ஒன்று: கேசினோவில் பணத்துக்குப் பதிலாகத் தரும் 100 டாலர் சில்லு ஒன்று சட்டைப்பையில் மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி அதை அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நண்பகலில் எழுந்திருந்தால் 2,000 டாலருடன் வந்திருப்பீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எழ வேண்டிய தருணம் அதுதான் என்று அந்த நண்பகலில் உங்களுக்குச் சொல்லக்கூடியது எதுவும் அந்த அரங்கில் இல்லை. எட்டுச் சீட்டுக்கட்டுகளைக் கலைத்து ஆடும் பக்காராவில் பாங்கர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 45.9 விழுக்காடு, பிளேயர் 44.6, இரண்டும் சமமாக முடிவது 9.5. பாங்கர் வென்றால் ஐந்து விழுக்காடு கழிவு பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்தப் பக்கம் வைத்தாலும் பணயத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் அளவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ விடுதிக்குப் போகிறது. 300 டாலர் பணயத்தில் இது ஆட்டம் ஒன்றுக்கு நாலு டாலர் கூட இல்லை. நீங்கள் இருந்த நேரத்தில் இடைவேளைகளைக் கழித்தாலும் இருநூறு ஆட்டமாவது ஆடியிருப்பீர்கள். அந்தக் கணக்கில் விடுதியின் பங்கு 750 டாலர் அளவுக்குத்தான் வரும். மற்றதெல்லாம் வெறும் ஊசலாட்டம். இருநூறு ஆட்டத்தில் நாலாயிரம் டாலர் மேலேயோ கீழேயோ போவது எவருக்கும் நேரக்கூடியது. உங்கள் நண்பகல் லாபமும் மாலை நட்டமும் ஒரே ஊசலின் இரு முனைகள். முன்னதற்கு உங்கள் திறமை காரணம் இல்லை என்பதைப் போலவே பின்னதற்கு உங்கள் தவறும் காரணம் இல்லை.

‘டை’ மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒன்றுக்கு எட்டு கொடுப்பதைப் பார்த்து மனம் சபலப்படுகிறது. வாய்ப்போ பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அங்கே வைக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாகப் பதினாலு டாலருக்கு மேல் விடுதி எடுத்துக்கொள்கிறது. இழந்ததை மீட்கத் துடிப்பவர்களுக்காகவே அந்தக் கட்டம் மேசையில் வரையப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிவப்பு, நீல வட்டங்கள் காட்டும் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு ஐந்து முறை வந்தால் அடுத்தது நீலம் என்று நீங்கள் எண்ணினீர்கள். அதே மேசையில் உங்கள் பக்கத்திலிருந்த சீனர்கள் பெரும்பாலும் எதிர்மாறாக எண்ணியிருப்பார்கள். ஒரே நிறம் நீண்டு வந்தால் அதை ‘டிராகன்’ என்று சொல்லி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவது அங்குள்ளவர்களின் வழக்கம். நடந்துமுடிந்த ஆட்டங்களைப் பற்றிச் சீட்டுகளுக்கு எந்த நினைவும் இல்லாததால் இரண்டு முறையும் ஒன்றுதான். அப்படியிருக்க விடுதி ஏன் தன் செலவில் அந்தப் பலகையை வைத்து, வேண்டுவோருக்குக் குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் தருகிறது என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கணக்குப் போடுகிறவர் எழுந்து போகமாட்டார். ஆட்டம் ஒன்றுக்கு நாலு டாலர் மட்டுமே வரும் தொழிலில் ஆட்டங்களின் எண்ணிக்கைதான் வருமானம். கடிகாரமும் சன்னலும் இல்லாத கூடம், சாயங்காலம் மாறாத வானத்தைக் கூரையில் வரைந்து வைத்த கடைத்தெரு, துறையிலேயே காத்து நிற்கும் இலவசப் பேருந்து எல்லாம் அதற்காகத்தான்.

இனி உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது பாதி சரி. கேசினோவில் பகலைக் கழித்ததால் நீங்கள் மக்காவைப் பார்க்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். கேசினோவையும் நீங்கள் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

2018-இல் நான் போயிருந்தபோது மூன்று பகடை ஆட்டத்தில் அரைமணி நேரத்தில் 500 டாலரை விட்டேன். கூட்டுத்தொகை நாலு முதல் பத்து வரை வந்தால் ‘சிறிது’, பதினொன்று முதல் பதினேழு வரை வந்தால் ‘பெரிது’, வென்றால் வைத்த அளவு கிடைக்கும். இரண்டும் சரிபாதி போலத் தோன்றும். மூன்று பகடையிலும் ஒரே எண் விழுந்தால் மட்டும் இரு பக்கப் பணமும் விடுதிக்கு. 216 விதமாக விழக்கூடிய பகடைகளில் அப்படி விழுவது ஆறே விதம். அந்த ஆறில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது என்பது விளங்கியபோது என் 500 டாலர் தீர்ந்திருந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் வெறுங்கையுடன் பக்காரா மேசைகளுக்குப் பின்னால் நின்றேன். அந்த நாளில் நான் கண்டவற்றில் சிறந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஒரு பக்கத்தின்மீது மற்றவர்களைவிட அதிகப் பணம் வைத்திருந்ததால் அந்தப் பக்கத்துச் சீட்டுகளைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு வந்தது. சீட்டைத் தூக்கவில்லை. மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீளவாட்டு ஓரத்தைக் கட்டைவிரலால் நகக்கண் அளவு வளைத்து, குனிந்து, விளிம்பில் எத்தனை புள்ளி தெரிகிறது என்று பார்த்தார். பிறகு சீட்டைத் திருப்பி அகலவாட்டு ஓரத்தை அதேபோல் வளைத்தார். வேண்டாத புள்ளி ஏதோ நடுவில் இருந்துவிடக்கூடும் போலிருக்கிறது. உதட்டைக் குவித்துச் சீட்டின்மீது ஊதினார். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அச்சில் ஏறிய புள்ளியை ஊதிப் பறக்கவிட முடியாது என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. கசங்கிய அந்தச் சீட்டை மறுபடி பயன்படுத்த முடியாது; ஆட்டம் முடிந்ததும் ஒதுக்கிவிடுவார்கள். சீட்டு போடும் பெண் இத்தனை நேரமும் முகத்தில் எந்தச் சலனமும் இன்றிக் காத்திருந்தாள். உங்களைச் சுற்றியும் இதெல்லாம் நடந்திருக்கும். ஆனால் உங்கள் கண் சிவப்பிலும் நீலத்திலும் இருந்தது.

அந்த ஊரில் கேசினோ வேறு, பழைய நகர் வேறு என்று பிரிப்பதும் சரியாக வராது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் குடியேறிய துறைமுகம் அது. 1844 வரை கோவாவிலிருந்தே நிர்வகிக்கப்பட்டது. (மாண்டோவி ஆற்றில் இன்று கப்பல்களில் கேசினோ மிதப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த உறவு நினைவுக்கு வரும்.) 1840-களில் பக்கத்தில் ஹாங்காங் ஆங்கிலேயர் துறைமுகமாக எழுந்ததும் மக்காவின் வணிகம் சரிந்தது. வருவாய்க்கு வழி தேடிய அரசு சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி தந்து வரி வாங்கத் தொடங்கியது. அன்று பக்காரா இல்லை, ‘ஃபான் டான்’. குவியலாகக் கிடக்கும் பொத்தான்களில் ஒரு பகுதியைக் கிண்ணத்தால் மூடி, கிண்ணத்தை எடுத்து, குச்சியால் நாலு நாலாகத் தள்ளிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா என்பதே பந்தயம். மேல்மாடியில் இருப்பவர்கள் தரையில் வெட்டிய திறப்பு வழியாகக் கயிற்றில் கட்டிய கூடையில் பணத்தைக் கீழே மேசைக்கு இறக்குவார்களாம். 1962-இல் ஸ்டான்லி ஹோ என்ற தொழிலதிபரின் நிறுவனத்துக்கு வந்த சூதாட்டத் தனியுரிமை நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1999 டிசம்பரில் ஊர் சீனாவிடம் திரும்பிய பின், 2002-இல் பிறருக்கும் உரிமம் கொடுத்தார்கள். தைப்பா, கொலோயேன் என்ற இரு தீவுகளுக்கு இடையே கடலைத் தூர்த்து உண்டாக்கிய கோத்தாயில் உங்கள் விடுதி போன்றவை எழுந்தன. 2006-இலேயே சூதாட்ட வருமானத்தில் அந்த ஊர் லாஸ் வேகஸைத் தாண்டிவிட்டது.

இந்தப் பணத்தில்தான் அரசு நடக்கிறது, 2008 முதல் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் ரொக்கமும் கொடுக்கிறது. அதே அரசு தன் ஊழியர்கள் கேசினோவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. 2019 டிசம்பர் முதல் கேசினோவில் வேலை செய்பவர்களும் பணி நேரத்துக்கு வெளியே உள்ளே போக முடியாது. உங்களுக்குச் சீட்டு போட்டவர் வேலை முடிந்தபின் உங்கள் நாற்காலியில் உட்கார முடியாது என்பதை அங்கே இருக்கும்போது நீங்கள் அறிந்திருந்தால் இன்னொரு முறை யோசித்திருப்பீர்களோ என்னவோ.

மைத்துனருக்கு நான் முதலில் சொல்லக்கூடிய இடம் ஓர் அடகுக்கடை. பழைய நகரின் முதன்மையான சாலை அல்மேய்தா ரிபெய்ரோ. அங்கே 1917-இல் தொடங்கிய ‘தக் செங் ஒன்’ என்ற கடையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் ஆளுயரத்தை மிஞ்சிய ஒரு மரத்தடுப்பு வழிமறிக்கும். அடகு வைக்க வந்தவரைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. வெட்கத்தை மறைக்கும் பலகை என்றே அதற்குப் பெயர். உள்ளே தலைக்கு மேலான உயரத்தில் முகப்பு மேசை. பொருளைக் கைதூக்கிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் மேலிருந்து குனிந்து வாங்குவார். பின்னால் பொருள்களைப் பாதுகாத்த கோபுரம், துப்பாக்கித் துளை போன்ற குறுகிய சன்னல்களுடன். லிஸ்போவா கேசினோவைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அடகுக்கடைகள் நியான் விளக்கில் மின்னுகின்றன, கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே மறைப்புப் பலகை எதையும் நான் காணவில்லை.

புனித பவுல் தேவாலயத்துக்கும் பத்து நிமிடம் போதாது. 1835-இல் தீயில் அழிந்து முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுவரைப் படிக்க வேண்டும். போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று, எலும்புக்கூடு ஒன்று, ஏழு தலை நாகத்தை மிதிக்கும் மரியாள். அவற்றின் அருகே சீன எழுத்தில் விளக்கம். சொந்த நாட்டில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டதால் தப்பி வந்த ஜப்பானியக் கைவினைஞர்களும் செதுக்கியது அது. பக்கத்து மேட்டில் மோன்ட்டே கோட்டை. 1622 ஜூன் 24 அன்று டச்சுக்காரர் படையெடுத்தபோது இங்கிருந்து பாய்ந்த குண்டு ஒன்று அவர்களின் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது, ஊர் தப்பித்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்றால் மக்காவில் அதுதான். இன்று அந்தப் பீரங்கிகளில் ஒன்றின் பின்னால் நின்று பார்த்தால், தாமரை வடிவில் பொன்னிறமாக எழுந்து நிற்கும் கிராண்ட் லிஸ்போவா நேர் குறியில் தெரியும்.

ஆகவே மைத்துனரை இலவசப் பேருந்தில் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். நகரப் பேருந்தில் தெற்கு முனையிலுள்ள ஆ-மா கோயிலுக்குப் போகட்டும். மீனவர்களைக் காக்கும் அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்தே ஊரின் பெயர் வந்தது என்பார்கள். கூரையிலிருந்து கூம்பாகத் தொங்கும் ஊதுவத்திச் சுருள்களை அங்கே பார்க்கலாம். பிறகு செனாடோ சதுக்கம், அடகுக்கடை, தேவாலயம், கோட்டை எல்லாம் நடக்கும் தொலைவு. விளக்கு ஏற்றும் நேரத்துக்கு 1970-இல் திறந்த பழைய லிஸ்போவாவுக்கு இறங்கி வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். ஆடியே தீர வேண்டுமென்றால் 600 டாலரைத் தனியாக எடுத்துக்கொண்டு, திரும்பக் கிளம்புவதற்கு முக்கால் மணி இருக்கும்போது உட்காரட்டும், அதற்கு முன் வேண்டாம். அதில் வெல்வதற்கும் தோற்பதற்கும் இருக்கும் வாய்ப்பு, நீங்கள் ஐந்து மணி நேரம் ஆடியதைவிட மோசமானது அல்ல.

அந்தச் சில்லு, அதைக் கொடுத்த விடுதியில் மட்டுமே பணமாகும். மைத்துனர் கடற்பாலத்துக்குத் திரும்பும் முன் கோத்தாய்க்குப் போனால் காசாளர் சன்னலில் மாற்றிக்கொள்ளலாம். மேசைகளைத் தாண்டித்தான் அந்தச் சன்னலுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. நூறு டாலருக்கு முட்டை டார்ட் வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள். கொலோயேனில் ஓர் ஆங்கிலேயர் 1989-இல் தொடங்கிய அடுமனையில் செய்வதுதான் பேர்போனது, நான் போனபோது ஒன்று பத்துப் பட்டாக்கா (மக்காவின் நாணயம்). அவர் சபலக்காரர் என்றால் சில்லு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.