40 லேப்டாப்பும் ஒரே மாடல், 14ல மட்டும் விண்டோஸ் போடறதுல கோளாறு

கேள்வி: சார், நாங்க கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் டிரெயினிங் சென்டர் நடத்தறோம். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சிடுச்சுல்ல, அதனால பழசை எல்லாம் தூக்கிட்டு புதுசா 40 லேப்டாப் எடுத்தோம். எல்லாம் ஒரே மாடல், ஒரே பில். எம்டிடி (நிறைய மெஷின்ல விண்டோஸ் ஏத்த மைக்ரோசாஃப்ட் குடுத்த டூல்) வச்சு லேன் வழியா விண்டோஸ் 11 இமேஜ், அதாவது எல்லாத்துலயும் போட ரெடி பண்ணி வச்ச ஒரே காப்பி, ஏத்தறோம். 26 மெஷின்ல சுத்தமா ஏறிடுச்சு. 9 மெஷின்ல டிஸ்க்கே இல்லைன்னு நின்னுடுது, 5 மெஷின்ல ஏறிடுது ஆனா வைஃபை வரல. டீலர் "மெஷின்ல ஒண்ணும் இல்ல, உங்க சாஃப்ட்வேர்லதான் கோளாறு"ங்கறார். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேர் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. முதல்ல அந்த 9 மெஷினைப் பாப்போம். நின்ன இடத்துலயே எஃப்8 அழுத்துங்க, கருப்பு விண்டோ வரும், அதுல டிஸ்க்பார்ட் போட்டு லிஸ்ட் டிஸ்க் அடிங்க. எஸ்எஸ்டி, அதாவது உள்ள இருக்கற டிஸ்க், காட்டலைன்னா பெரும்பாலும் ஸ்டோரேஜ் டிரைவர் (டிஸ்கை விண்டோஸ் அடையாளம் கண்டு ஓட்ட உதவற சாஃப்ட்வேர்) இல்லைன்னு அர்த்தம். எஸ்எஸ்டி செத்துப்போச்சுன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. இன்டெல் 11வது ஜெனரேஷன்ல இருந்து நிறைய லேப்டாப்ல பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்) விஎம்டின்னு எஸ்எஸ்டியைக் கையாள்ற இன்டெல் வசதி ஒண்ணு ஆன்லயே வருது, அது ஆன்ல இருந்தா எஸ்எஸ்டி அந்த விஎம்டிக்குப் பின்னாடி போய் நின்னுக்கும், இன்டெல்லோட ஆர்எஸ்டிங்கற ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாம விண்டோஸ் செட்டப்புக்கு கண்ணுக்கே தெரியாது. உங்க பூட் இமேஜ்ல (லேன் வழியா முதல்ல ஏறற சின்ன விண்டோஸ்) பழைய ஆர்எஸ்டி டிரைவர் இருந்தா அது 26 மெஷினுக்கு பொருந்தி, வேற ஜெனரேஷன் பிராசசர் வந்த 9 மெஷினுக்கு பொருந்தாம போயிருக்கலாம். பிராசசர் நம்பரை ஒண்ணு விடாம செக் பண்ணிப் பாருங்க.

கம்பெனி சப்போர்ட் பேஜ்ல அந்த மாடலுக்கான ஆர்எஸ்டி டிரைவரை இறக்குங்க. அது ஈஎக்ஸ்ஈயா வந்தா அப்படியே எம்டிடில போட்டா வேலைக்கு ஆகாது, உள்ள இருக்கற ஐஎன்எஃப் (டிரைவர் விவரம் இருக்கற) ஃபைல்களைப் பிரிச்சு எடுத்து அந்த ஃபோல்டரைத்தான் இம்போர்ட் பண்ணணும். அப்புறம் டிப்ளாய்மென்ட் ஷேரை (எம்டிடி ஃபைல்கள் இருக்கற ஃபோல்டர்) அப்டேட் பண்ணுங்க, பண்ணிட்டு டபிள்யூடிஎஸ்ல (லேன் வழியா பூட் பண்ண வைக்கற சர்வர்) பழைய பூட் இமேஜைத் தூக்கிட்டு புதுசை வைக்கணும். இந்தக் கடைசி வேலையைத்தான் பாதிப் பேர் மறந்துடறாங்க, டிரைவர் சேத்தும் சரியாகலையேன்னு ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்குவாங்க. பூட் இமேஜ்ல நெட்வொர்க், ஸ்டோரேஜ் ரெண்டு டிரைவர் மட்டும் போதும், சவுண்டு கிராஃபிக்ஸ் எல்லாம் அதுல திணிக்காதீங்க.

விஎம்டியை பயாஸ்லயே ஆஃப் பண்ணிடலாமான்னு கேப்பீங்க. பண்ணலாம், ஆனா விண்டோஸ் போடறதுக்கு முன்னாடியே பண்ணணும். ஒரு ஆபீஸ்ல நான் இன்ஸ்டால் முடிஞ்ச மெஷின்ல அதை ஆஃப் பண்ணப் போய் எல்லாம் நீலத் திரைல நின்னுடுச்சு, திரும்ப ஆன் பண்ணினப்புறம்தான் எழுந்துச்சு.

லேன் வழியாதானே பூட் ஆச்சு, அப்ப லேன் டிரைவர் இருக்குதானேன்னு நினைக்காதீங்க. ஆரம்பத்துல பூட் பண்றது மெஷினோட ஃபர்ம்வேர் (உள்ளயே பதிஞ்சு வர்ற சாஃப்ட்வேர்), அதுக்குன்னு தனி டிரைவர் இருக்கு. விண்டோஸ் பிஇ, அதாவது பூட் இமேஜ்ல இருக்கற அந்தச் சின்ன விண்டோஸ், ஏறினதும் அது தனக்கு தனி டிரைவர் தேடும். அதனால அதே கருப்பு விண்டோல ஐபிகான்ஃபிக் அடிச்சு ஐபி வருதான்னும் பாத்துக்கங்க.

வைஃபை வராத 5 மெஷின்லதான் டீலர் சொன்னது இடிக்குது. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சக் குறி போட்ட ஐட்டத்தோட ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி போய்ப் பாருங்க. அதுல வெண்டார் நம்பர் 8086னா இன்டெல், 10இசினா ரியல்டெக், 14சி3னா மீடியாடெக். நல்லா ஓடற மெஷின்ல ஒரு நம்பர், ஓடாததுல வேற நம்பர்னா ஒரே மாடல் பேர்ல ரெண்டு விதமான வைஃபை கார்டு வந்திருக்குன்னு அர்த்தம். வீட்டு உபயோக லேப்டாப் வரிசைல இது சகஜம், கிடைக்கற கார்டைப் போட்டு அனுப்பிடுவாங்க. அந்தக் கார்டோட டிரைவரையும் ஷேர்ல சேத்துட்டா முடிஞ்சது. சேத்தும் ஏறலைன்னா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஐஎன்எஃப் ஃபோல்டர்ல செட்டப்ஏபிஐ டாட் டெவ் டாட் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அந்த ஹார்டுவேர் ஐடியை அதுல தேடுங்க, எந்த டிரைவரை எடுத்துச்சு, எதுக்கு ஒதுக்குச்சுன்னு அப்படியே எழுதி வச்சிருக்கும்.

கேள்வி: இந்த 14 மெஷினை மாத்திக் குடுக்கச் சொல்லலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: டிரைவர் போட்டா ஓடற மெஷினை டிஃபெக்டுன்னு சாதிக்கறது கஷ்டம் சார். இன்னொண்ணு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல வியாபார நோக்கத்துக்கு வாங்கினவங்க நுகர்வோர் கணக்குல வரமாட்டாங்க. சுயதொழிலா தன் பொழைப்புக்கு மட்டும் வாங்கினவருக்குத்தான் விலக்கு இருக்கு. 40 மெஷின் போட்ட சென்டருக்கு அதுல சேருமாங்கறதை வக்கீலைக் கேட்டுட்டு இறங்குங்க. வீட்டுக்குன்னு வாங்கினவங்களா இருந்தா 1915ங்கற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டே புகார் சொல்லலாம்.

உங்களைக் காப்பாத்தப்போறது பர்ச்சேஸ் ஆர்டர்ல இருக்கற எழுத்துதான். அதுல வெறும் மாடல் பேர் மட்டும் இருக்கா, முழு பார்ட் நம்பர் (உள்ள என்னென்ன பாகம்னு குறிக்கற நம்பர்) இருக்கா? பார்ட் நம்பர் எழுதியிருந்து வேற வந்திருந்தா தாராளமா மாத்தச் சொல்லலாம். மாடல் பேர் மட்டும்னா டீலர் தப்பிச்சிடுவார். அடுத்த தடவை தயவுசெஞ்சு பார்ட் நம்பர் போட்டு, 40ம் அதே நம்பர்லதான் வரணும்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. முதல்ல ஒரே ஒரு மெஷின் எடுத்து இமேஜ் ஏத்திப் பாத்துட்டு மீதி 39க்கு ஆர்டர் குடுங்க. டெல் ப்ரோ (முன்னாடி லேட்டிட்யூட்), திங்க்பேட், எலைட்புக் மாதிரி ஆபீஸ் வரிசைக்கு கம்பெனியே டிப்ளாய்மென்ட்டுக்குன்னு மொத்தமா டிரைவர் பேக் விடுறாங்க. மெஷினுக்கு சில ஆயிரம் கூடப் போனாலும் இந்த அலைச்சல் மிச்சம்.

லைசென்ஸையும் பாத்துக்கங்க. லேப்டாப்போட வர்ற விண்டோஸ் லைசென்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு நீங்களே செஞ்ச ஒரே இமேஜை எல்லாத்துலயும் ஏத்த உரிமை கிடையாது, அதுக்கு வால்யூம் லைசென்ஸ் (கம்பெனி, சென்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தனியா விக்கற லைசென்ஸ்) வேணும்.

கேள்வி: எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்ல போடற சாஃப்ட்வேர் காசுக்கு விக்கறாங்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எங்கிருந்தோ எடுத்த டிரைவரை எது எதுலயோ திணிச்சு வச்சிடும், 40 மெஷின்ல எதுல என்ன வெர்ஷன் இருக்குன்னு அப்புறம் உங்களுக்கே தெரியாது. லேப்டாப் கம்பெனி சைட்ல டிரைவர் ஃப்ரீயாவே இருக்கு. ஒண்ணு ரெண்டு விட்டுப்போச்சுன்னா செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் உள்ள போய்ப் பாருங்க, பல நேரம் அங்கயே கிடைச்சிடும்.